பேசத்தானே கூடாது

தீபிகாவுக்கு உட்கார்ந்த இடத்தில் கால் ஆடும். சின்ன வயதுப் பழக்கம். அன்று ஹரிஷ்குமாரின் கேபினில், அவருக்கு எதிர் நாற்காலியில், இரண்டு கால்களும் ஆடின.

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் கார் கம்பெனிகளுக்குத் தகட்டை அச்சில் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை அது. ஹரிஷ்குமார் அங்கே எச்.ஆர். மேனேஜர். அவருக்குக் கீழே தீபிகா சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிறது. அவள் வேலை நிரந்தரமாகுமா, இல்லை பெட்டியைக் கட்டிக்கொண்டு குடியாத்தத்துக்கு பஸ் ஏறவேண்டுமா என்பது ஹரிஷ்குமார் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது. அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் கால்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பாதுகாப்பு வார விழா. கம்பெனியின் பெரிய கஸ்டமரிடமிருந்து பாதுகாப்பை ஆடிட் செய்ய ஆள் வருகிறார்கள். காலையில் ஆடிட், மத்தியானம் கேன்டீனில் தொழிலாளர்களின் கலைநிகழ்ச்சி. அந்தக் கலைநிகழ்ச்சிதான் ஹரிஷ்குமாருக்குத் தலைவலி. போன வருஷம் கன்னடத்தில் நாடகம் போட்டார்கள். தமிழ்க்காரர்கள் பின்வரிசையில் மொபைல் பார்த்தார்கள். அதற்கு முந்தின வருஷம் தமிழில் போட்டதற்கு, யூனியன் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, இது எந்த மாநிலம் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்கள். இந்தி என்று வாயெடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றுசேர்ந்து முறைக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்தவர்களோ எந்த வருஷமும் சிரித்ததே இல்லை.

"பாஷையே இல்லாம ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார் ஹரிஷ்குமார், பாதி கிண்டலாக.

"மைம் பண்ணலாம் சார்" என்றாள் தீபிகா.

யோசிக்காமல் வந்த பதில். ஆனால் வெறும் பேச்சில்லை. வேலூரில் எம்.பி.ஏ. படித்த காலத்தில், கல்லூரி விழாக்களில் மைம் என்றால் தீபிகா குழுதான். கறுப்பு டி-ஷர்ட், வெள்ளைக் கையுறை, முகத்தில் தேங்காயெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடர். விவசாயி சாவான், குடிகாரன் திருந்துவான், கடைசியில் எல்லோரும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத கயிற்றை இழுத்துக் கண்ணுக்குத் தெரியாத கொடியை ஏற்றுவார்கள். பின்னணியில் இசை உச்சத்துக்குப் போகும். பரிசு நிச்சயம்.

ஹரிஷ்குமார் அவளை முதல்முறையாக ஒரு பிரயோசனமான பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இது நன்றாக வந்தால் அவள் கன்ஃபர்மேஷனைப் பற்றித் தானே பிளான்ட் ஹெட்டிடம் பேசுவதாகச் சொன்னார். கால்கள் நின்றன. கொஞ்ச நேரத்துக்குத்தான்.

முதல் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனுக்குப் பின்னாலிருந்த பயிற்சி அறையில் ஒத்திகை. ஐந்து பேர் வந்தார்கள். மூன்றாவது லைனில் பிரஸ் மெஷின் ஓட்டும் சிவசங்கரன், திருப்பத்தூர்க்காரர். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு கேலி கைவசம் வைத்திருப்பவர். அதே லைனில் அவருக்கு சீனியர் கிருஷ்ணப்பா, ஆனேக்கல் பக்கம். கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் வரும், ஆனால் அந்த மூச்சே அபூர்வமாகத்தான் வரும். பேக்கிங்கிலிருந்து வீணா, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். அப்புறம் ஒடிசாவிலிருந்து வந்த இருவர்.

"ஊமைக்கூத்தா மேடம்?" என்றார் சிவசங்கரன். "வீட்ல டெய்லி அதான் பண்றேன். அவ பேசுவா, நான் தலையாட்டுவேன்."

சிரிப்பு அடங்கியதும் தீபிகா ஆரம்பித்தாள். அறைக்குள் நடந்துகொண்டே பேசினாள். நின்று பேச அவளுக்கு வராது. மைம் என்ற சொல்லுக்கு மூலம் கிரேக்கம், 'போலச் செய்வது' என்று அர்த்தம் என்றாள். வேடிக்கை என்னவென்றால் அந்தக் காலத்துக் கிரேக்க மைம்காரர்கள் வாய் ஓயாமல் பேசினவர்களாம். ரோமாபுரிக்கு வந்த பிறகுதான், பின்னால் பாட்டுப் பாட, ஒரே ஆள் முகமூடியை மாற்றி மாற்றி, வாய் திறக்காமல் எல்லா வேஷத்தையும் ஆடினான். நம் பக்கத்திலும் ஒன்றும் குறைவில்லை, மனசில் இருப்பது உடம்பில் தெரிவதற்கு மெய்ப்பாடு என்று எப்போதோ பேர் வைத்துவிட்டார்கள் என்றாள். அப்புறம் பாரிஸ் கதைக்கு வந்தாள். அதுதான் அவளுக்குப் பிடித்த கதை.

பாரிஸில் திருவிழாச் சந்தைகளில் கொட்டகை போட்டு நாடகம் நடத்துவார்கள். கூட்டமெல்லாம் அங்கேயே போனதில், ராஜாவின் அனுமதி பெற்ற பெரிய நாடகக் கம்பெனிக்கு வயிறு எரிந்தது. மேடையில் வசனம் பேசும் உரிமை எங்களுக்கு மட்டும்தான் என்று தடை வாங்கிவிட்டார்கள். சந்தைக்காரர்கள் வசனத்தை நிறுத்தினார்கள், நாடகத்தை நிறுத்தவில்லை. பாட்டை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்தார்கள். தெரிந்த மெட்டு, ஜனங்களே பாடினார்கள். மிச்சத்தைக் கையும் காலும் பார்த்துக்கொண்டன.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பா திரும்பினார். "மாத்தாட பேடான்னு சொன்னாங்க. சரி. கையைக் கட்டிப் போடலையா மேடம்?"

"இல்லண்ணா. பேசத்தான் கூடாது."

"பேசத்தானே கூடாது" என்று கிருஷ்ணப்பா தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பாடம் போதும் என்று தீபிகா பயிற்சிக்கு வந்தாள். தினமும் செய்கிற வேலையைக் காற்றில் செய்து காட்டச் சொன்னாள். வீணா அட்டைப்பெட்டியை மடித்து, டேப் ஒட்டி, தலையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள். ஒடிசாக்காரர்களில் ஒருவர் டிரில் பிடித்தார், மற்றவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றி சிவசங்கரன்மேல் இடித்தார். ஒரே கும்மாளம்.

அடுத்து சிவசங்கரன். இடது கையால் தகட்டை எடுத்தார். அச்சுக்குள் வைத்தார். வலது உள்ளங்கையால் பட்டனை அமுக்கினார். மேலிருந்து இறங்கிய இரும்பு அவர் கண்ணசைவில் தெரிந்தது. இடது கை போய் அடித்த தகட்டை எடுத்தது, புதுத் தகட்டை வைத்தது, வலது கை அமுக்கியது. தகட்டின் விளிம்புகூடக் கண்ணுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. தீபிகா கை தட்டினாள். தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள்தானே படம் போட்டுக் காட்டுகிறாள்? பிரஸ்ஸில் பட்டன் இரண்டு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இரும்பு இறங்கும். எதற்கு? இறங்கும்போது எந்தக் கையும் உள்ளே இருக்கக்கூடாது என்பதற்கு. இவர் ஒரு கையால் அமுக்குகிறாரே.

"அண்ணா, பட்டன் ரெண்டாச்சே?"

சிவசங்கரன் தன் இடது கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். "ஆமால்ல. நடிப்புல தப்பாயிடுச்சு மேடம்."

மறுபடியும் செய்தார். முதல் தகட்டுக்கு இரண்டு கை. இரண்டாவதற்கும் இரண்டு கை, கொஞ்சம் தடுமாறி. மூன்றாவது தகட்டில் இடது கை தன் வழிக்குப் போய்விட்டது. கிருஷ்ணப்பாவைச் செய்யச் சொன்னாள். அவருக்கு முதல் தகட்டிலேயே ஒற்றைக் கைதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய்கள் கெட்டியாக மூடியிருந்தன, கைகள்தான் உளறிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் கிருஷ்ணப்பாவின் இடது ஆள்காட்டி விரல் நுனி இல்லாமல் முடிந்திருப்பது அவள் கண்ணில் பட்டது. என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"வீட்டு கேட்ல சிக்கிக்கிச்சு மேடம்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரர் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தீபிகா ஏதோ வேலை இருப்பதுபோல மூன்றாவது லைன் பக்கம் போனாள். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அத்தனை பேரும் இரண்டு கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் புதுச்செருப்புப் போட்டவன் நடக்கிற நடை அது. தகட்டை வைத்துவிட்டு இடது கை ஒரு நொடி தயங்கும், பட்டனைத் தேடும், பிறகு அமுக்கும். இடது பட்டனைச் சுற்றி, அதை அமுங்கியபடியே வைக்க டேப் ஒட்டி ஒட்டிப் பிய்த்த பசை கறுப்பாகத் திரண்டிருந்தது. சூப்பர்வைசர் ஓடிவந்து டீ சாப்பிடுகிறீர்களா மேடம் என்று கேட்டார். மூன்றாவது லைனில் யாரும் அவளிடம் டீ பற்றி அதுவரை கேட்டதில்லை.

பெண்கள் ஓய்வறையில் வீணாவைப் பார்த்தாள். வீணா சந்தோஷமாக இருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங் கிடையாது, மூன்றாவது லைன் பிரஸ்ஸுக்கு மாற்றுகிறார்களாம்.

"ஆள் பத்தலையாம் மேடம். சிவாண்ணா சொல்லித் தர்றேன்னாரு. ஈஸிதானாம், ஒரு கை வேலையாம்."

சொல்லிவிட்டு வீணா கண்ணாடியைப் பார்த்துத் தலைவாரிக்கொண்டாள். பத்து விரலும் வேகமாக ஓடிப் பின்னல் போட்டன. தீபிகாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள். மெயில் ஒன்றை மூன்று தடவை திறந்து மூடினாள். மாடிப்படியில் ஏறினாள், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்கினாள். கடைசியில் ஹரிஷ்குமாரின் கதவைத் தட்டி, பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

அவர் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் கேட்டார். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரும் டேப் ஒட்டச் சொல்லவில்லை, அவர்களாகவே ஒட்டிக்கொள்கிறார்கள் என்றார். இரண்டு கையால் ஓட்டினால் டார்கெட் வராது, டார்கெட் வராவிட்டால் இன்சென்டிவ் வராது, அது அவர்களுக்கும் தெரியும் என்றார். கிருஷ்ணப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் செய்தாயிற்று, அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், முடிந்துபோன விஷயம் என்றார்.

வீணாவையாவது மாற்றாமலிருக்கலாமே என்றாள் தீபிகா. புரொடக்‌ஷனையும் நீயே பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஹெல்மெட் போடு, ஷூ போடு, ஃபயர் எக்ஸ்டிங்விஷரைக் காட்டு, கொடியை ஏத்து. முடிஞ்சது. யார் கையும் பட்டன் பக்கம் போகக்கூடாது. உன் நல்லதுக்குச் சொல்றேம்மா. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை பேசாம இரு. அடுத்த வாரம் உன் கன்ஃபர்மேஷன் வந்துடும்."

"சரி சார்" என்றாள். அந்தச் சரி வாயிலிருந்து வெளியே வந்த பிறகும் வாயிலேயே இருந்தது. அன்று பி.ஜி. விடுதி அறையில் படுத்தபோதும் இருந்தது. வெளியே ஓசூர் ரோட்டில் லாரிகள் ஓயவில்லை. உள்ளே அவள் புரண்டது ஓயவில்லை. அறைத்தோழி போர்வையை விலக்கி, கட்டில் ஆடுகிறது என்றாள்.

அடுத்த ஒத்திகையில் புதுக் கதையைச் சொன்னாள். பிரஸ் காட்சி வேண்டாம், நேரம் போதாது என்றாள். பாரிஸ் கதை சொன்ன அதே குரலில் சொல்லப் பார்த்தாள், வரவில்லை.

சிவசங்கரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை முகத்தில் கேலி இல்லை. "உங்களுக்கும் தடை வந்துடுச்சா மேடம்?"

கிருஷ்ணப்பா குனிந்து, இல்லாத ஹெல்மெட்டைத் தரையிலிருந்து எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, வாரை இழுத்து இறுக்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆடிட் செய்ய வந்தவர்களுக்குத் தலைவர் ஒரு பெண், யூனிஸ் என்று பெயர். பெங்களூர் பிரேசர் டவுன்காரர். டீ நேரத்தில் தன் அம்மாவிடம் போனில், சாப்பிட்டாச்சு மம்மி, நீங்க மாத்திரை போட்டீங்களா என்று தமிழில் பேசியதைத் தீபிகா கேட்டாள். காலையில் ஃபேக்டரி முழுவதும் அவர் சுற்றி வந்தார். மூன்றாவது லைனில் எல்லோரும் இரண்டு கையால் அமுக்கினார்கள். பட்டனைச் சுற்றியிருந்த பசையை முந்தின நாளே தின்னர் போட்டுத் துடைத்துவிட்டார்கள். யூனிஸ் தலையசைத்துக் குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

மத்தியானம் கேன்டீனில் நாற்காலிகள் போட்டார்கள். முன்வரிசையில் யூனிஸ், பக்கத்தில் பிளான்ட் ஹெட். பின்னால், அவசர லோடுக்காக லைனில் நிறுத்தியவர்கள் போக, இரண்டு ஷிப்ட் ஆட்களும். முகத்துக்குப் பூசிக்கொண்டிருக்கும்போதுதான், ஃபோர்க்லிஃப்ட்காரரை அவசர லோடுக்கு நிறுத்திக்கொண்டார்கள் என்ற செய்தி வந்தது. ஆள் குறைகிறது. நீயே நின்றுவிடு, காலேஜ் சாம்பியன்தானே என்றார் ஹரிஷ்குமார், முதுகில் தட்டிக்கொடுக்காத குறையாக. தீபிகாவும் வெள்ளைப் பவுடரைக் குழைத்துப் பூசிக்கொண்டு கையுறையை மாட்டினாள்.

ஆரம்பம் பிரமாதம். சிவசங்கரன் ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்னாக மாட்டிக்கொண்டு தூணில் முட்டினார். கன்னடம், தமிழ், ஒடியா எல்லாவற்றிலும் சிரிப்பு வந்தது. டிரில்காரர் செருப்போடு வந்து காலில் எதையோ போட்டுக்கொண்டு நொண்டினார். வீணா தீயணைப்பானின் பின்னை இழுத்து, புகையை விரட்டி, கடைசியில் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டாள். பிளான்ட் ஹெட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஹரிஷ்குமார் தீபிகாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

இனிக் கொடி. தீபிகா நடுவில் வந்து கயிற்றைப் பிடிக்கவேண்டும். இசை ஏற ஆரம்பித்தது. அவள் நடுவுக்கு வந்தாள். ஓரத்தில் வீணா நின்றிருந்தாள், மூச்சு வாங்க, சிரிப்பு அடங்காமல், இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு. வெள்ளைக் கையுறைக்குள் பத்து விரல். நாளை சனி, நாளன்றைக்கு ஞாயிறு.

கயிற்றைப் பிடிக்க உயர்ந்த தீபிகாவின் கைகள் பாதியில் இறங்கின. இறங்கி, வலப்பக்கமும் இடப்பக்கமும் அகன்று, காற்றில் இரண்டு பட்டன்களை அமுக்கின.

அவள் தீர்மானம் செய்ததாக ஞாபகம் இல்லை. தகட்டை எடுத்தாள். வைத்தாள். இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினாள். எடுத்தாள், வைத்தாள், அமுக்கினாள். மெதுவாக. யாரோ தோளைத் தட்டி அவசரப்படுத்தினாற்போலத் திரும்பினாள். சுவரில் இல்லாத கடிகாரத்தைப் பார்த்தாள். நெற்றியைத் துடைத்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து இழுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, இடது பட்டன்மேல் ஒரு சுற்று, இரண்டு சுற்று ஒட்டி அழுத்தினாள். இப்போது ஒரு கை போதும். வேலை பறந்தது.

இசை முடிந்துபோய் ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல் வந்தது. ஹரிஷ்குமாரின் கட்டைவிரல் எப்போது இறங்கியது என்று அவள் பார்க்கவில்லை.

பின்வரிசையில் யாரோ பாதுகாப்பு ஷூவால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்கள். அவள் அமுக்கினாள், தட். மறுபடி அமுக்கினாள், தட், இப்போது பத்துக் கால்கள். அடுத்ததற்கு வரிசை வரிசையாகக் கால்கள் சேர்ந்துகொண்டன. கேன்டீன் மூன்றாவது லைனாக மாறிவிட்டது.

அப்போது கிருஷ்ணப்பா நடந்து வந்தார். இது ஒத்திகையில் கிடையாது. அவள் எதிரில் நின்று, இரண்டு கைகளையும் கோத்துத் தலைக்குமேல் தூக்கினார். இரும்பாக நின்றார். அவள் அமுக்கியபோதெல்லாம் அந்தக் கைகள் இறங்கின, ஏறின. அவளுடைய இடது கை உள்ளே போனது, வந்தது, போனது, வந்தது. அவள் கண்ணைக் கசக்கினாள். கொட்டாவி விட்டாள். இடது கை ஒரு நொடி பின்தங்கி உள்ளே போனது. வலது கை பழக்கத்தில் அமுக்கிவிட்டது.

கிருஷ்ணப்பாவின் கைகள் இறங்கி, அவள் விரல்களுக்கு மேலே மயிரிழையில் நின்றன. கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

அந்த அமைதியில் கிருஷ்ணப்பா தன் இடது கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார். கையை முன்வரிசைக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். பிறகு போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

யாரும் கை தட்டவில்லை. பிளான்ட் ஹெட் யூனிஸ் பக்கம் சாய்ந்து, காலேஜில் நடித்த பெண், கொஞ்சம் ஓவராகச் செய்துவிட்டாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். யூனிஸ் சிரிக்கவில்லை. எழுந்து தீபிகாவிடம் வந்தார்.

"நீங்க தமிழா? இது எந்த லைன்ல நடக்குது?"

மைமில் ஒரு வசதி உண்டு. அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிடலாம். சும்மா கதை மேடம், எங்கேயோ கேள்விப்பட்டது என்றால் போதும். ஹெல்மெட்டும் ஷூவும் போல இதுவும் ஒரு பாடம் என்றால் போதும். பிளான்ட் ஹெட் கை தட்டுவார், எல்லோரும் தட்டுவார்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து ஹரிஷ்குமார் தலையை லேசாக, மிக லேசாக, இல்லை என்று ஆட்டினார். மிரட்டலாகத் தெரியவில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறாரே.

பவுடர் உதட்டில் காய்ந்து ஒட்டியிருந்தது. தீபிகா வாயைத் திறந்தபோது தோல் பிய்ந்தது.

"மூணாவது லைன் மேடம்" என்றாள். "திங்கட்கிழமை அங்க புதுசா ஒருத்தங்களைப் போடறாங்க."

யூனிஸ் வேறு எதுவும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு நேராக லைனுக்கு நடந்தார். பிளான்ட் ஹெட் பின்னாலேயே ஓடினார். காலை ஆடிட் முடிந்துவிட்ட நிம்மதியில் அங்கே டேப் மறுபடியும் ஒட்டியாகியிருந்தது. லோடு அவசரம்.

அடுத்த வாரம் மூன்றாவது லைன் ஓடவில்லை. ஒரு கையால் எந்த வித்தை செய்தாலும் இறங்காத புதுப் பட்டன்களைப் பொருத்தும்வரை ஓட்டக்கூடாது என்று கஸ்டமர் எழுதிவிட்டார்கள். மற்ற லைன்களையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். வீணா பேக்கிங்கிலேயே இருந்தாள். தீபிகாவைப் பார்த்தபோது, நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. பிரஸ்ஸில் சம்பளம் கொஞ்சம் கூட வரும் என்று அவள் புருஷன் எதிர்பார்த்திருந்தானாம்.

சிவசங்கரன் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார். "நல்லது பண்ணீங்க மேடம், இல்லேன்னு சொல்லல. ஆனா இந்த மாசம் இன்சென்டிவ் இல்லேங்கறதை என் வீட்டுக்காரிக்கு மைம்ல சொல்ல முடியாதே" என்றார். சாம்பாரைப் பிசைந்துகொண்டே, கிருஷ்ணப்பா ஆபீசுக்குப் போய்த் தன் விரல் வீட்டு கேட்டில் சிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததையும் சொன்னார். எந்த பாஷையில் எழுதினார் என்று கேட்கத் தோன்றவில்லை தீபிகாவுக்கு.

ஹரிஷ்குமார் அவளைக் கூப்பிட்டபோது நிமிர்ந்து பார்க்கவில்லை. கன்ஃபர்மேஷன் இல்லை. இன்னும் மூன்று மாதம் தகுதிகாண் காலம். "உன்னை அனுப்பிடலாம்னுதான் பேசினாங்க. ஆடிட் ரிப்போர்ட்ல உன் பேர் இருக்கு. இப்ப அனுப்பினா கேப்பாங்க. அதான்." பேனாவை மூடி, திறந்து, மூடினார். இனிமேல் தினமும் மெஷின்கள் ஓடுகிற இடத்துக்கே ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கவேண்டும், அதுவும் அவள் வேலையில் சேர்ந்துவிட்டது என்றார். தண்டனையா பொறுப்பா என்று அவர் சொல்லவில்லை.

லைன் திரும்ப ஓடத் தொடங்கிய அன்று தீபிகா மஞ்சள் கோட்டருகே போய் நின்றாள். புதுப் பட்டன்கள் பளபளத்தன. சிவசங்கரன் தகட்டை வைத்தார், இரண்டு கையாலும் அமுக்கினார். கிருஷ்ணப்பா இரண்டு கையாலும் அமுக்கினார். வரிசை முழுக்க இரண்டு கை. சூப்பர்வைசர் சிரித்தார். எல்லாம் சரியாக இருந்தது.

அவள் வருவதைப் பார்த்துச் செய்கிறார்களா, இல்லை எப்போதும் இப்படித்தான் செய்கிறார்களா? இந்தப் பட்டனுக்கும் ஒரு வழி கண்டுபிடிக்க எத்தனை நாளாகும்? இங்கே நின்று பார்க்கிறவரை அவளுக்குத் தெரியப்போவதில்லை.

திரும்பி நடந்தாள். பெரிய தூணைத் தாண்டியதும் நின்றாள். இங்கிருந்து அவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். அவளுக்கும் அவர்கள் தெரியமாட்டார்கள். சத்தம் மட்டும் வந்தது. இரண்டு கை என்றால் சத்தம் நிதானமாக வரும். ஒரு கை என்றால் நெருங்கி வரும்.

தட். இடைவெளி. தட். இடைவெளி.

போனில் ஹரிஷ்குமார் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. கால் ஆடிக்கொண்டிருக்க, காதைக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.